காலில் தொடங்கி நுரையீரலை அடைக்கும் ரத்தக் கட்டி: நம் கரையோர மக்கள் கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் செவிலியராக வேலை பார்க்கிறேன். பாம்பன், தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும், நுரையீரலில் ரத்தக் கட்டி என்று மருத்துவர் சொன்னதும் உடன் வந்தவர்களுக்கு எழும் சந்தேகங்கள் ஒன்றாகவே இருக்கின்றன. வார்டில் கேட்கத் தயங்கி, வராந்தாவில் என்னைத் தனியே நிறுத்திக் கேட்பார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட தோரணையிலேயே தொகுத்திருக்கிறேன். இப்போது உங்கள் வீட்டில் யாருக்காவது திடீரென்று மூச்சு முட்டினால் மேலே படிக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

நுரையீரலில் போய் ரத்தம் எப்படி உறையும்? அடிபடவே இல்லையே?

பெரும்பாலும் ரத்தம் நுரையீரலில் உறைவதில்லை. காலிலோ தொடையிலோ இடுப்பிலோ, தசைகளுக்கு நடுவே ஆழமாக ஓடும் சிரைகளில்தான் உறைகிறது. நங்கூரக் கயிற்றில் பிடித்து வளர்ந்த பாசி நீரோட்டத்தில் பிய்ந்து போவதுபோல, அந்தக் கட்டியோ அதன் ஒரு துண்டோ கழன்று ரத்தத்தோடு மேலே ஏறுகிறது. வயிற்றிலுள்ள பெரிய சிரை வழியாக இதயத்தின் வலப்பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து நுரையீரல் தமனிக்குத் தள்ளப்பட்டு, குழாய் குறுகும் இடத்தில் சிக்கிக்கொள்கிறது.

இதற்கு அடிபட்டிருக்க வேண்டியதில்லை. ரத்தம் உறைவதற்கான காரணங்களை மூன்று வகைகளில் அடக்கிவிடலாம்: ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, ரத்தமே உறையும் தன்மை கூடிப்போவது. 19-ஆம் நூற்றாண்டில் ருடால்ஃப் விர்ஹோ என்ற ஜெர்மானிய மருத்துவர் காலில் தோன்றும் கட்டிக்கும் நுரையீரல் அடைப்புக்கும் உள்ள தொடர்பை விளக்கினார். அவர் பிறந்த அக்டோபர் 13-ஆம் தேதிதான் இன்று உலக ரத்த உறைவு நாள்.

உயிருக்கே ஆபத்தா? எங்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆபத்துதான். எவ்வளவு ஆபத்து என்பது கட்டியின் அளவையும் நோயாளியின் இதய பலத்தையும் பொறுத்தது. சிறிய துண்டு நுரையீரலின் ஓரத்துக்குப் போனால் அங்கே வலியும் இருமலும் வரும், சிலருக்குச் சளியில் ரத்தம் தெரியும். பெரிய கட்டி தலைவாசலிலேயே மாட்டிக்கொண்டால், இதயத்தின் வலப்பக்கம் முழு பலத்தோடு தள்ளியும் ரத்தம் நகராது. அந்தப் பக்கம் வீங்கித் தளர்ந்து, ரத்த அழுத்தம் விழுந்து, ஆள் மயங்கிவிடுவார். சில நிமிடங்களில் உயிர் போவதும் உண்டு.

அதே நேரத்தில், சரியாக வைத்தியம் செய்தால் பெரும்பாலானோரைக் காப்பாற்றக்கூடிய நோய் இது. 1960-இல் பிரிட்டனில் பாரிட், ஜோர்டான் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உறைவைத் தடுக்கும் மருந்து தரப்படாத 19 பேரில் 5 பேர் இந்த அடைப்பினாலேயே இறந்தார்கள். மருந்து பெற்ற 16 பேரில் ஒருவர்கூட அதனால் இறக்கவில்லை. முதல் அடைப்பில் தப்பியவரை இரண்டாவது அடைப்பு கொன்றுவிடலாம், அதைத் தடுப்பதுதான் வைத்தியத்தின் முதல் வேலை.

நெஞ்சு வலித்தால் மாரடைப்பு என்கிறார்கள், மூச்சு வாங்கினால் ஆஸ்துமா என்கிறார்கள். இதை எப்படி அடையாளம் காண்பது?

திடீரென்று வரும் மூச்சுத்திணறல்தான் முக்கிய அடையாளம். நேற்று வரை தண்ணீர்க்குடம் தூக்கியவர் இன்று நாலு எட்டு நடப்பதற்குள் திண்டாடுவார். நெஞ்சு வலி இருந்தால் பெரும்பாலும் மூச்சை ஆழமாக இழுக்கும்போது சுருக்கென்று குத்தும். மாரடைப்பில் நெஞ்சை அமுக்குவதுபோல் இருக்கும் என்பார்கள். ஆனால் இந்த வேறுபாட்டை நம்பி வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், இரண்டும் மாறியும் வரும். இதயத் துடிப்பு காரணமில்லாமல் வேகமாவது, இருமலில் ரத்தம், எழுந்து நின்றதும் மயக்கம் ஆகியவையும் சேரலாம்.

இந்த அறிகுறிகளோடு ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தாலோ, சமீபத்தில் அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, பிரசவம் என்று ஏதாவது நடந்திருந்தாலோ, அதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அவர் எந்தத் திசையில் யோசிக்க வேண்டும் என்பதை அந்த ஒரு தகவல் மாற்றிவிடும்.

வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று சோடா குடித்துவிட்டு விடியும்வரை பார்க்கலாமா?

கூடாது. சோடா குடித்துக் காத்திருந்த இரவுகளைப் பற்றி உறவினர்கள் அழுதுகொண்டே சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். வாயு என்றே இருக்கட்டும், அதை மருத்துவமனையில் வைத்துச் சொல்லட்டும்.

கால் வீக்கம் எல்லாருக்கும்தான் வருகிறது. எந்த வீக்கத்துக்குப் பயப்பட வேண்டும்?

இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி, மாலையில் கூடி, காலையில் வடிந்தால் அதற்கு வேறு காரணங்கள் உண்டு. அதையும் காட்டத்தான் வேண்டும். யானைக்கால் வீக்கம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வளரும். நாம் பயப்பட வேண்டியது ஒரே காலில், ஒன்றிரண்டு நாளில் ஏறுகிற வீக்கத்துக்கு. கெண்டைக்கால் இறுகி, தொட்டால் சுட்டு, நடந்தால் நரம்பு இழுத்துப் பிடித்ததுபோல் வலிக்கும். நிறமும் சிவந்தோ கறுத்தோ மாறலாம்.

வீட்டில் ஒரு நூலை வைத்து அளந்து பார்க்கலாம். வலை பின்னுகிற நூலே போதும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கிப் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அந்த இடத்தில் நூலை இறுக்காமல் சுற்றி, நுனி சேரும் இடத்தில் முடிச்சுப் போடுங்கள். அடுத்த காலிலும் அதே உயரத்தில் சுற்றி, இரண்டு நீளத்தையும் அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருத்துவர்களும் அதைக் கணக்கில் எடுப்பார்கள். வித்தியாசம் குறைவாக இருப்பதால் கட்டி இல்லை என்று ஆகிவிடாது. வலியும் சூடும் இருந்தால் அன்றே டாப்ளர் ஸ்கேன் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காலில் குழாய் வழியே ரத்தம் ஓடுவதை அது காட்டும், ஊசி குத்த வேண்டியதில்லை.

எண்ணெய் போட்டு உருவிவிட்டால் பிடிப்பு இறங்கிவிடுமே சிஸ்டர்?

தயவுசெய்து உருவாதீர்கள். களைத்த காலை நீவிவிடுவது நம் வீடுகளில் அன்பின் அடையாளம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முந்தைய பதிலில் சொன்னதுபோல ஒரு கால் திடீரென்று வீங்கியிருக்கும்போது அழுத்தி உருவினால், உள்ளே ஒட்டியிருக்கும் கட்டி கழன்று மேலே போகலாம். வெந்நீர் ஒத்தடம், இறுக்கிக் கட்டுப் போடுவது ஆகியவையும் வேண்டாம். காலை ஒரு தலையணை மேல் வைத்து, ஆளை வண்டியில் ஏற்றுங்கள்.

இது யாருக்கு அதிகமாக வருகிறது? எங்கள் வீட்டில் கெட்ட பழக்கமே கிடையாது.

பழக்கத்தைவிடச் சூழ்நிலைக்குத்தான் இதில் பங்கு அதிகம். இடுப்பு, முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், கால் எலும்பு முறிந்தவர்கள், பல நாள் படுக்கையில் இருப்பவர்கள், புற்றுநோயும் அதற்கான மருந்தும் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமானவர்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், உடல் பருத்தவர்கள், வயதானவர்கள், முன்பே ஒருமுறை கட்டி வந்தவர்கள். இவற்றில் இரண்டு மூன்று ஒருவரிடமே சேர்ந்தால் ஆபத்தும் ஏறும்.

நம் பக்கத்தில் குறிப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சாயல்குடிப் பக்கம் பனையிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிபவர்கள், படகுத் தளத்தில் வழுக்கி இடுப்பு உடைபவர்கள், நாட்டுக்கட்டுப் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் அசையாமல் படுத்துவிடுகிறார்கள். முறிவு, அசைவின்மை இரண்டும் சேர்ந்த நிலை அது. மருத்துவமனையில் இருந்தால் உறைவைத் தடுக்கும் ஊசி தேவையா என்று பார்ப்பார்கள், எலும்பை நிலைநிறுத்திச் சீக்கிரம் எழுப்பி உட்கார வைப்பார்கள். கட்டு மட்டும் போட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

பிள்ளை பெற்ற மகளை நாற்பது நாள் எழவிடாமல் பார்த்துக்கொள்கிறோம், தண்ணீரும் அளந்துதான் தருகிறோம். அதில் தவறு உண்டா?

ஓய்வு தரலாம், எழவிடாமல் வைப்பதுதான் தவறு. கர்ப்பகாலத்தில் ரத்தம் உறையும் தன்மை இயற்கையாகவே கூடுகிறது, பிரசவத்தில் உதிரப்போக்கைக் கட்டுப்படுத்த உடல் செய்யும் ஏற்பாடு அது. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும், சிசேரியன் என்றால் இன்னும் கூடும். நாம் படுக்க வைக்கும் நாற்பது நாளும் அந்த ஆறு வாரமும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதை உம்மாக்களும் பாட்டிமார்களும் மனதில் வைக்க வேண்டும்.

மருத்துவர் தடுக்காவிட்டால், முதல் நாளிலிருந்தே அறைக்குள் நடக்கட்டும். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்பது உண்மையல்ல, பால் கொடுப்பவளுக்குத் தாகம் கூடுதலாகவே இருக்கும். பிரசவமானவளுக்கு மூச்சு வாங்கினால் ரத்தசோகை என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

துபாய்க்கு விமானத்தில் போகும் மகனுக்கும் இது வருமா? சென்னைக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு?

வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே போகும் எந்தப் பயணமும், விமானமோ பஸ்ஸோ ரயிலோ, ஆபத்தை இரண்டு மடங்குவரை கூட்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. நலமாக உள்ளவர்களில் நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவு அது. ஆகவே மகன் பயப்படாமல் போகலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும், முடியாவிட்டால் குதிகாலை ஊன்றி விரல்களையும், விரல்களை ஊன்றிக் குதிகாலையும் மாறி மாறித் தூக்கட்டும். கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைக்க வேண்டாம்.

சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர், முன்பு கட்டி வந்தவர், கர்ப்பிணி ஆகியோர் டிக்கெட் எடுக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஊருக்கு வந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட அறிகுறி தெரியலாம், அப்போது பயணத்தைப் பற்றிச் சொல்ல மறக்காதீர்கள்.

சங்கு குளிக்கிறவர்களுக்கு மேலே வந்ததும் மூச்சு முட்டுகிறதே, அதுவும் இதுதானா?

அது வேறு. அழுத்தக் காற்றைச் சுவாசித்தபடி ஆழத்தில் வேலை செய்துவிட்டு வேகமாக மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகப் பிரிந்து குழாய்களை அடைக்கும், மூச்சை அடக்கிக்கொண்டே ஏறினால் நுரையீரலே கிழிந்து காற்று ரத்தத்தில் கலக்கும். அதற்கு ஆக்சிஜனும் உயர் அழுத்த அறையும்தான் வைத்தியம். மருத்துவமனையில் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எத்தனை முறை இறங்கினார் என்று சொல்லுங்கள். அவசரம் இரண்டுக்கும் ஒன்றே.

கரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருக்கிறது. 97 காட்டினால் நிம்மதியாக இருக்கலாமா?

இருக்க முடியாது. கட்டி உள்ள பலருக்கு அந்த எண் சரியாகவே இருக்கும். அதே கருவியில் தெரியும் நாடித் துடிப்பையும் பாருங்கள், ஓய்வில் இருக்கும்போதே 100-ஐத் தாண்டினால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எண் எதுவானாலும், மூன்றாவது கேள்வியில் சொன்ன அறிகுறிகள் இருந்தால் கிளம்ப வேண்டியதுதான்.

டி-டைமர் கூடியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. கட்டி இருப்பது உறுதிதானே?

இல்லை. உறைந்த ரத்தம் கரையும்போது வெளிப்படும் ஒரு பொருள் அது. காய்ச்சல், காயம், கர்ப்பம், அறுவை சிகிச்சை, முதுமை என்று எதிலும் கூடும். ஆபத்து குறைவாகத் தெரியும் ஒருவருக்கு அது கூடாமல் இருந்தால், கட்டி இல்லை என்று ஒதுக்கத்தான் அந்தச் சோதனை பயன்படுகிறது.

உறுதிப்படுத்துவது, கையில் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன். சிறுநீரகக் கோளாறோ ஒவ்வாமையோ இருந்தால் அதற்கு முன் சொல்லுங்கள். ஈ.சி.ஜி.யும் எக்கோவும் இதயம் எவ்வளவு திணறுகிறது என்று காட்டும். சந்தேகம் பலமாக இருந்தால் ஸ்கேனுக்குக் காத்திராமலே ஊசியைத் தொடங்குவார்கள். “இன்னும் ஸ்கேனே எடுக்கவில்லை, அதற்குள் என்ன ஊசி?” என்று தடுக்காதீர்கள்.

நாங்கள் ராமேஸ்வரம் தீவில் இருக்கிறோம். நேராக மதுரைக்கே கொண்டுபோய்விடலாமா?

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர், மதுரை அதைப்போல மூன்று மடங்கு தூரம். வாடகைக் காரில் ஆக்சிஜன் இல்லாமல் அவ்வளவு தூரம் போவது பெரிய ஆபத்து. 108 வண்டியில் ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஆளும் உண்டு. அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் முதலில் காட்டி, அங்கிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ அனுப்பினால், அனுப்புகிற குறிப்போடு போங்கள்.

கடலில் இருக்கும்போது நடந்தால், மீன்பாடு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, கரைக்குத் திரும்புங்கள். இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. ஆளை உட்கார வைத்தோ, சாய்த்தோ, அவருக்கு மூச்சு எளிதாக வரும் நிலையில் வையுங்கள்.

ஊசியும் மாத்திரையும் கட்டியைக் கரைத்துவிடுகின்றனவா?

ஹெப்பாரின் ஊசி, வார்ஃபரின், அசினோகூமரால், ரிவராக்சபான், அபிக்சபான் மாத்திரைகள் எதுவும் நேரடியாகக் கரைப்பதில்லை. கட்டி மேலும் வளராமல், புதிதாக உருவாகாமல் தடுக்கின்றன. உள்ளதைக் கரைப்பது நம் உடல், அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும்.

உடனே கரைக்கும் மருந்துகள் தனி. ஆல்டிப்ளேஸ், டெனெக்டிப்ளேஸ், ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்றவற்றை, ரத்த அழுத்தம் விழுந்து உயிர் ஊசலாடும்போதுதான் பெரும்பாலும் தருவார்கள், ஏனென்றால் மூளையில் ரத்தக் கசிவு வரும் அபாயம் அவற்றில் உண்டு. “பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கரைக்கிற ஊசி போட்டார்கள், எங்களுக்கு ஏன் இல்லை?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். உங்கள் ஆளுக்கு அது தேவைப்படவில்லை என்றால் நிம்மதி அடையுங்கள்.

நடந்தால் கட்டி கழன்றுவிடாதா? கழிவறைக்குக்கூட நாங்கள் தூக்கித்தான் போகிறோம்.

உருவக் கூடாது என்று சொன்னது நடப்பதற்குப் பொருந்தாது. மருந்து தொடங்கி, ரத்த அழுத்தம் நிலைத்திருப்பவரை மருத்துவர் அனுமதித்ததும் நடக்கவிடுங்கள். படுத்தே கிடந்தால் முதல் பதிலில் சொன்ன ஓட்ட மந்தம் மறுபடி வந்து சேரும்.

வயிற்று ஊசியை வீட்டில் நாங்களே போடச் சொல்கிறார்கள். கை நடுங்குகிறது.

வயிற்றுத் தோலுக்கடியில் போடும் ஹெப்பாரின் ஊசிதான் அது, எல்லோருக்கும் முதல் ஊசிக்கு நடுங்கும். தொப்புளிலிருந்து நாலு விரல் தள்ளி, பக்கவாட்டில் இடம் தேர்ந்தெடுங்கள். இரண்டு விரலால் தோலைக் கொழுப்போடு மடித்துப் பிடித்து, ஊசியை நேர்க்குத்தாக முழுதும் இறக்கி, மெல்ல மருந்தைத் தள்ளி, ஊசியை எடுத்த பிறகே மடிப்பை விடுங்கள். முழு ஊசியும் போடச் சொல்லியிருந்தால் உள்ளே தெரியும் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டாம். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கன்றிப்போகும். காலையில் வலப்பக்கம் என்றால் மாலையில் இடப்பக்கம்.

மாத்திரை சாப்பிடும்போது மீனை நிறுத்த வேண்டுமா? முருங்கைக்கீரை?

மீன் தாராளமாகச் சாப்பிடலாம். வார்ஃபரின், அசினோகூமரால் சாப்பிடுபவர்களுக்குக் கீரையில்தான் கவனம் வேண்டும், அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். முருங்கைக்கீரையை அறவே விட வேண்டாம், வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுவீர்களோ அதே அளவில் தொடருங்கள். ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் 2-க்கும் 3-க்கும் இடையே வருமாறு மருந்தின் அளவைச் சரிசெய்வார்கள். ரிவராக்சபான், அபிக்சபானுக்கு அந்தப் பரிசோதனையும் கீரைக் கணக்கும் இல்லை. ரிவராக்சபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும், வெறும் வயிற்றில் மருந்து சரியாக ஏறாது.

கீரையைவிட எனக்குப் பயம் தருவது, உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாத்திரைகள். இவை வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கும். இடுப்பில் போடும் ஊசியும் ஆகாது, தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். எந்த மருத்துவரிடம் போனாலும், லேகியமோ கஷாயமோ வாங்கினாலும், இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதை முதலில் சொல்லுங்கள்.

ஒரு மாதத்தில் மூச்சு நன்றாகிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமே?

குறைந்தது மூன்று மாதம் சாப்பிட வேண்டும். அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு போன்ற தெளிவான காரணம் இருந்து அது நீங்கிவிட்டால் பெரும்பாலும் மூன்று மாதத்தோடு நிறுத்துவார்கள். காரணமே தெரியாமல் வந்தவருக்கும் புற்றுநோய் உள்ளவருக்கும் நீளும், சிலருக்கு ஆயுள் முழுதும். கடலுக்குப் போகுமுன் மிச்சமுள்ள மாத்திரையை எண்ணிப் பாருங்கள், தீர்ந்த பிறகு வாங்கலாம் என்று இருக்காதீர்கள். ஒரு வேளை தவறினால் நீங்களாக இரட்டிப்பாக்க வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள்.

மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் மூச்சு வாங்குவது தீரவில்லை என்றால் அதை வயதின் மேல் போடாதீர்கள். நூறில் சிலருக்குக் கட்டி கரையாமல் தழும்பாகி, நுரையீரல் குழாய்களில் அழுத்தம் நிரந்தரமாக ஏறிவிடும். எக்கோவில் அது தெரியவரும், அதற்குத் தனி வைத்தியம் உண்டு.

இதெல்லாம் கரோனா ஊசி போட்டதால்தான் என்கிறார்களே?

சில தடுப்பூசிகளுக்குப் பின் மிக அரிதாக ஒருவகை உறைவு வந்தது உண்மை. அது ஊசி போட்ட சில நாட்களிலிருந்து ஆறு வாரங்களுக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆண்டுகள் கழித்து இன்று வரும் கட்டிக்கு அந்த ஊசியைக் காரணம் சொல்ல முடியாது. கரோனா நோயே ரத்த உறைவை அதைவிடப் பல மடங்கு அதிகமாக உண்டாக்கியது. ஊசியைக் குற்றம் சொல்லிக்கொண்டு, ஏழாவது கேள்வியில் சொன்ன காரணங்களைத் தேடாமல் விட்டுவிடுவதுதான் என் கவலை.

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோடு மறுபடி தொழிலுக்குப் போகலாமா?

இதற்கு எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது. கரையோரம் ஒருநாள் பாடுக்குப் போகும் வல்லமும் நாள்கணக்கில் தங்கும் விசைப்படகும் ஒன்றல்ல, மருத்துவரிடம் உங்கள் வேலையை விளக்கிச் சொல்லிக் கேளுங்கள். கெளுத்தி முள் குத்தினாலோ தூண்டில் கிழித்தாலோ, சுத்தத் துணியால் கால் மணி நேரம் எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நிற்கும். நிற்காவிட்டால், கறுப்பாக மலம் போனால், சிறுநீரில் ரத்தம் வந்தால் தாமதிக்கக் கூடாது. தலையில் அடிபட்டால் காயமே தெரியாவிட்டாலும், வலியே இல்லாவிட்டாலும் கரைக்கு வந்து ஸ்கேன் பார்த்தாக வேண்டும்.

அப்பாவுக்கு வந்துவிட்டது. எங்களுக்கும் வருமா? தங்கை வேறு மாசமாக இருக்கிறாள்.

அப்பா முறிவுக்குப் பின் படுத்திருந்ததால் வந்தது என்றால் உங்களுக்கு அவ்வளவாகக் கவலை இல்லை. ஐம்பது வயதுக்கு முன், காரணமில்லாமல், குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தால் பரம்பரையாக உறையும் தன்மை இருக்கலாம். அப்போதும் எல்லோருக்கும் பரிசோதனை தேவைப்படாது, மருத்துவர் முடிவு செய்வார்.

தங்கை தன் கர்ப்பகாலப் பரிசோதனையில் அப்பாவின் விவரத்தைச் சொல்லி, அட்டையில் எழுதி வாங்கட்டும். தேவைப்பட்டால் ஹெப்பாரின் ஊசி தருவார்கள், அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. அப்பாவின் மாத்திரையை அவளுக்குக் கொடுத்துவிட வேண்டாம், வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். பிரசவத்துக்குப் பின் கருத்தடை மாத்திரை கேட்கும்போதும் இதே விவரத்தைச் சொன்னால், ஈஸ்ட்ரோஜன் இல்லாத வேறு முறையைத் தருவார்கள்.